கடைசியாக விட வேண்டிய மீன்

என் வீட்டுக்காரர் எனக்குக் கடல் வாங்கிக் கொடுத்தார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், கண்ணாடிச் சுவர். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவரால் அவ்வளவுதான் முடியும். குறை சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டது அது இல்லை.

நான் காயல்பட்டினத்துப் பெண். எங்கள் ஊரில் பெண் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டாள். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் கொழும்பில் யாவாரம் பண்ணட்டும், சென்னையில் கடை வைக்கட்டும், ஊருக்குத் திரும்பி வந்தால் செருப்பைக் கழற்றுவது பெண்டாட்டி வீட்டு வாசலில்தான். அதனால் எங்கள் பக்கம் பெண் பிறந்தால் நகைக்கு முன்னால் வீட்டைப் பற்றித்தான் யோசிப்பார்கள். எனக்காக வாப்பா மாடியில் ஓர் அறை கட்டினார். சன்னலைத் திறந்தால் தென்னை மரங்களுக்கு மேலே கோடு போட்ட மாதிரி கடல் தெரியும்.

அந்த அறையில் நானும் என் வீட்டுக்காரர் அலாவுதீனும் ஒரே ஒரு வாரம் இருந்தோம். பிறகு என்னை விருதுநகருக்குக் கூட்டி வந்துவிட்டார். பெண் கேட்டு வந்தபோதே அவருடைய அத்தா, என் மாமனார், இதைச் சொல்லித்தான் பேசினார், வாப்பாவும் சரி என்றுதான் சொன்னார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடல் எங்கே போய்விடப்போகிறது என்று நானும் நினைத்தேன். கடல் எங்கும் போகவில்லை. நான்தான் வந்துவிட்டேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

இந்த ஊரில் காற்று அடித்தால் வத்தல் நெடிதான் வரும். அவர் சட்டையை உதறினால் எனக்கு மூச்சு முட்டத் தும்மல் வரும், அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆழ்துளைத் தண்ணீர் உப்புக் கரிக்கும். கடலே இல்லாத ஊருக்கு இத்தனை உப்பு எதற்கு என்று வந்த புதிதில் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

போன வருஷம் வாப்பா மவுத்தானார். உம்மா அந்த வீட்டில் தனியாகிவிட்டாள். அப்போதிலிருந்து போனில் ஒரே பேச்சுதான்.

"நீ இங்க வந்து இரி புள்ள. மாப்பிள்ளை வியாழக்கிழம வந்து சனிக்கிழம போவட்டும். ஊரு பூரா அப்படித்தானே இருக்குது."

நல்ல நேரம் பார்த்து, ஆட்டுக்கறி வைத்து, அவர் இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"வீட்டோட மாப்பிள்ளையாவா?" என்றார். "மண்டியில ஒருத்தன் மதிக்க மாட்டான்."

அத்தோடு பேச்சு முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு லோடு ஆட்டோவில் வைக்கோல் சுற்றிய கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. "உனக்குக் கடல்தான வேணும்," என்றார், முகமெல்லாம் பல்லாக. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு மனுஷன் தப்பாகப் புரிந்துகொண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டால் என்ன செய்வது?

அதே சமயம் காயலில் இன்னொன்று நடந்தது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, அவளுடைய மகள் சுலைகாவுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. ஆனால் சாச்சியிடம் மகளுக்குக் கொடுக்க வீடு இல்லை. வீடு இல்லாமல் எங்கள் ஊரில் மாப்பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? உம்மா என்னிடம் நேராகவே கேட்டாள்: "நீ வர்றதா இருந்தாச் சொல்லு. இல்லன்னா மாடிய சுலைகாவுக்குக் குடுத்துடறேன். பூட்டி வச்சு யாருக்கு?" மாப்பிள்ளை வீட்டார் பேச வருவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். பதில் என் கையில் இல்லை, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இந்த ஆளின் கையில் இருந்தது.

சிவகாசியில் சரவணக்குமார் என்று ஒருவர் கடல்மீன் கடை வைத்திருக்கிறார். முன்னால் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்த்தவர். அதனால் அவர் கடையில் ஒவ்வொரு தொட்டிக்குப் பின்னாலும் கலர் தப்பிப்போன காலண்டர் தாள் ஒட்டியிருக்கும். ஒரு தொட்டியில் மீன்களுக்குப் பின்னால் பனிமலை, இன்னொன்றில் ஊதா நிறப் பசு. எங்கள் தொட்டிக்குக் கல்லும் உப்பும் கொடுத்தவர் அவர்தான். பவளப்பாறை விற்கக் கூடாது என்பதால் சிமெண்டில் அச்சு அசலாகப் பாறை செய்து கொடுத்தார். மீன் விடாமல் வெறும் தண்ணீரும் கல்லுமாக நெடுநாள் மோட்டாரை ஓடவிடச் சொன்னார். குடிதண்ணீரை லாரியில் வாங்குகிற தெருவில் மீன் வராத தொட்டிக்குக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அக்கம்பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் பக்குவமானதும் ஒரு நாள் காலையில், சிவகாசிக் கடை திறந்த கையோடு போய் நின்றோம்.

"மீனு வாங்குறது லேசு பாய்," என்றார் சரவணக்குமார். "யாரு கூட யார விடுறதுங்கறதுதான் செரமம். எங்க ஆளுக கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாப்பாக. இதுக்குப் பதினோராவது ஒண்ணு இருக்கு. யாரு மொதல்ல வீட்டுக்குள்ள வர்றாகங்கறது."

"அதுல என்ன இருக்கு?" என்றார் அலாவுதீன்.

"எல்லாம் அதுலதான் இருக்கு. சாதுவ மொதல்ல விடணும். அது ஒரு பொந்தப் புடிச்சுப் பயம் தெளிஞ்சப்பறம் சண்டக்காரனக் கடேசியா விடணும். மாத்தி விட்டீகன்னா மொதல்ல வந்தவனுக்குத் தொட்டி பூராம் தன்னோட வீடுன்னு நெனப்பு வந்துரும். அப்பறம் வர்றவக எல்லாம் அவனுக்குத் திருட்டுப்பயக."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் மீனுக்குப் பேர் சொல்வது சட்டியை வைத்துத்தான். இது குழம்புக்கு, இது பொரிக்க, இது பிள்ளை பெற்றவளுக்கு. இந்தக் கடையில் இருந்த எதுவும் எந்தச் சட்டிக்கும் ஆகாது. ஆனாலும் கீழ் வரிசையில் ஒரு சின்ன மீன் என்னை நிறுத்திவிட்டது. கல்லிடுக்கிலிருந்து பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டி நின்றது. முன்பாதி வெள்ளை, பின்பாதி தீக்கங்கு நிறம். முதுகில் ஊசி மாதிரி ஒன்றைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. என் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். மறுபடி பாதி வந்தது.

"அதுக்கு நாங்க வச்ச பேரு ராக்கெட்டு," என்றார் சரவணக்குமார். "ரொம்பப் பயந்த சாமி அக்கா. மொதல்ல விட வேண்டியது இதத்தான். மூடி இல்லாம வைக்காதீக, மெரண்டுச்சுன்னா வெளிய தாவிரும்."

"இதை எடுக்கலாம்," என்று நான் திரும்புவதற்குள் அலாவுதீன் வேறொரு தொட்டிக் கண்ணாடியில் விரலை வைத்துவிட்டார். அதற்குள் பளீரென்ற நீலத்தில் ஒரு விரல் நீள மீன் மேலும் கீழும் பாய்ந்துகொண்டிருந்தது. வத்தலில் நிறம் பார்த்தே வாழ்கிற கண், வேறு எதில் போய் நிற்கும்?

"இவனப் பிடிங்க."

"பாய், நான் இப்பத்தான சொன்னேன். இவன்தான் கடேசி ஆளு."

"வெளங்குது. ஆனா கடை தொறந்து மொதப் போணி. கை வச்சதத் திருப்பி வைக்கச் சொல்றீகளா? உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது."

சரவணக்குமார் வலையைக் கையில் பிடித்தபடி ஊதுபத்திப் புகையைப் பார்த்தார். முதல் வியாபாரத்தைத் தட்டிக்கழித்தால் அன்றைய பொழுதே விடியாது என்று நம்புகிறவர்தான் அவரும். "போணின்னுட்டீக. நான் என்ன சொல்ல," என்று வலையைத் தண்ணீருக்குள் விட்டார். புதுத் தொட்டியில் ஒரே நாளில் எல்லா மீனையும் விடக் கூடாது என்பதால் நீலம் மட்டும் எங்களோடு பஸ் ஏறியது. இந்தத் தப்பை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. இரண்டு யாவாரிகள் சேர வேண்டும்.

நீலம் வந்த அன்றே நடுவில் இருந்த பெரிய பொந்தைப் பிடித்துக்கொண்டது. "பாத்தியா, எம்புட்டு ஜோரா வீட்டப் புடிச்சுக்கிட்டான்," என்று அவருக்குப் பெருமை. மண்டியிலிருந்து மத்தியானம் வந்தால் தொட்டிக்கு முன்னால்தான் சாப்பாடு. "உனக்குத்தான் வாங்குனேன்," என்று வாய்க்கு வாய் சொல்வார். அவர் கடைக்குப் போனபிறகு நான் மூடியைத் தூக்கி முகத்தை உள்ளே வைத்து மோந்து பார்ப்பேன். ஈரக் கண்ணாடி வாசமும் மோட்டார் சூடும்தான் வரும். ஒரு நாள் விரலால் தொட்டு, ரசத்துக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நாக்கில் வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பு மட்டும்தான் சரியாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து மற்றவை வந்தன. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று, என் ராக்கெட் ஒன்று. ஜோடி அடி வாங்கினாலும் ஒன்றுக்கொன்று துணையாக மேல் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டது. ராக்கெட்டுக்குத்தான் இடமே கிடைக்கவில்லை. எந்த இடுக்கில் தலையை விட்டாலும் நீலம் பாய்ந்து வந்து வெளியே துரத்தியது. கடைசியில் அது மோட்டார் குழாய்க்குப் பின்னால், மூலையில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. முதுகு ஊசியை ஆட்டவே இல்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து அதனிடம் பேசுவேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். உம்மாவிடம் சொல்ல முடியாததை எல்லாம் பேசினேன்.

"அந்த நீலத்தை எடுத்துடுங்களேன்," என்றேன் ஒரு நாள்.

"பழகிரும் நசிமா. வந்த புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான். நீ பழகலையா?"

பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவர் அப்போதுதான் முதல் கவளத்தைப் பிசைந்திருந்தார். இருவரும் விழுங்கினோம், அவர் சோற்றை, நான் பதிலை.

இரண்டு நாள் கழித்து, காலையில் கூட்டும்போது துடைப்பத்தில் ஏதோ தட்டுப்பட்டது. ராக்கெட். மோட்டார் வயர் போவதற்காக மூடியில் விட்டிருந்த இடுக்கு வழியாகத் தாவியிருக்கிறது. தரையில் கிடந்து காய்ந்து, வளைந்து, நிறமெல்லாம் போயிருந்தது. கருவாட்டுக் குழம்பு தின்றே வளர்ந்தவள் நான். அன்றைக்கு ஒரு விரல் நீளக் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

மத்தியானம் உம்மா போன் செய்தாள். "நாளைக்கு சுலைகா மாப்பிள்ளை வீட்டுல வாராங்க. என்ன சொல்லட்டும்?"

"அவளுக்கே குடுத்துடுங்க உம்மா."

"கோவத்துல சொல்றியா புள்ள?" என்றாள்.

"இல்ல," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் சுலைகாவும் ஒரு பெண்தானே. அவளுடைய வாழ்க்கையை என் கோபம் ஆறும்வரை காத்திருக்கச் சொல்ல முடியுமா?

மண்டியில் வேலை இருந்து அன்றைக்கு மத்தியானம் வராத அலாவுதீன் மாலையில் வந்தபோது ராக்கெட்டைக் கிண்ணத்தில் போட்டுத் தொட்டிமேல் வைத்திருந்தேன். பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.

"எப்படி?"

"தாவிடுச்சு."

"மூடி போட்டுத்தான இருந்துச்சு?"

"வயர் போற இடுக்கு வழியா. போகணும்னு ஆயிடுச்சுன்னா இடுக்கு போதும்."

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்து நான் கண்டதில்லை. டீ கூடக் குடிக்கவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய், தொழுகைக்கு ஒளு எடுக்கிற மாதிரி முழங்கை வரை கழுவினார். ஒரு தடவை போதாதென்று மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். "வத்தல் கை," என்றார். "அதுகளுக்கு எரியும்."

பிறகு தொட்டியில் கைவிட்டுப் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். நீலம் அவர் விரலைக் கொத்தியது. கடைசிக் கல்லை எடுத்தபிறகுதான் வலையில் சிக்கியது. அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக விட்டுவிட்டு, இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு, சரவணக்குமாருக்குப் போன் போட்டார்.

"அதே மாதிரி அடுக்கிராதீக பாய்," என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. "பழைய வீடு எங்கன இருந்துச்சுன்னு அவனுக்கு அடையாளமே தெரியக் கூடாது. புது ராக்கெட்டு ஒண்ணு தாரேன், அத விட்டுப் பழக்குங்க. அப்பறம் இவனக் கடேசியா விடுங்க. அன்னைக்கே நான் அடிச்சுச் சொல்லியிருக்கணும். போணியப் பாத்து வாய மூடிட்டேன்."

பாறைகளை இடம் மாற்றி அடுக்கினார், புது ராக்கெட் வந்தது. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் ஒரு பொந்தைப் பிடித்தது. ஊசியை ஆட்டியது. மாடியைக் கொடுத்துவிட்ட சேதியை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, நீலத்தைத் தொட்டியில் விட்டார். அது நேராகத் தன் பழைய பொந்து இருந்த இடத்துக்குப் போனது. அங்கே வெறும் மணல். சுற்றிச் சுற்றி வந்தது. ராக்கெட் பாதி உடம்பை நீட்டிப் பார்த்தது. நீலம் அதன் பக்கம் ஓரடி போய், பிறகு என்ன நினைத்ததோ, திரும்பிக்கொண்டது. மோட்டார் குழாய்க்குப் பின்னால், மூலையில் போய் நின்றது. செத்துப்போன ராக்கெட் நின்ற அதே இடம்.

நான் சாப்பிடக் கூப்பிட்டும் அலாவுதீன் எழவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நசிமா, உங்க வீட்டு மாடி ரூமுல ஃபேன் ஓடுதா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"வியாழக்கெழம மண்டி முடிச்சு ஏறுனா ராத்திரிக்கு அங்கன வந்துரலாம். சனிக்கெழம திரும்பிரலாம். உங்க ஊரு ஆளுக எல்லாம் அப்படித்தான இருக்காக."

"மண்டியில மதிக்க மாட்டாங்களே."

"அது சும்மா சொன்னது." கண்ணாடியில் படிந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினார். "நீ அங்கன போயிட்டா மத்த நாளெல்லாம் நான் இங்கன யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன்? அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் மண்டி மேல பழியப் போட்டேன்."

கல்யாணமான நாள் முதல் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஏங்கியிருக்கிறேன். கடலுக்கு ஏங்கியதைவிட இதற்குத்தான் அதிகம் ஏங்கியிருக்கிறேன் என்று அது வந்தபிறகுதான் தெரிந்தது. ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

"மாடிய சுலைகாவுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன்," என்றேன். "ராக்கெட் செத்த அன்னிக்கே. அவளுக்குத் தேதியும் வச்சாச்சு."

சுரண்டிக்கொண்டிருந்த நகம் கண்ணாடியிலேயே நின்றது.

"வேற எடமே இல்லையா?" என்றார் பிறகு.

"கீழ, பின்கட்டுல வாப்பா ரூம் இருக்கு. ரொம்பச் சின்னது. சன்னல்ல கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேக்கும்."

அவர் தொட்டியின் மூலையைப் பார்த்தார். நீலம் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.

"கடேசியா வர்றவனுக்கு மூலை போதும்," என்றார்.

"அப்ப இந்தத் தொட்டி?"

"இது இங்கனயே இருக்கட்டும். நீ இல்லாத நாளுல எனக்கு வேணும்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உம்மாவுக்குப் போன் போட்டேன். வாப்பா போனதிலிருந்து உம்மா பகலெல்லாம் அந்தப் பின்கட்டு அறையில்தான் இருக்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருந்து, எடுத்தாள். அவள் குரலுக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டிமேல் வைத்தேன். அவர் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"ஹலோ, புள்ள, பேசு. கேக்குதா?" என்றாள் உம்மா.

"கேக்குது உம்மா," என்றேன்.